பாட்டி தொடாத கிழங்கு

மரவள்ளிக்கிழங்கு எங்கள் வீட்டில் மழைநாள் சாப்பாடு. அவித்த கிழங்கு, நெத்திலி சம்பல், சூடாக ஒரு தே ஓ. பாட்டி மட்டும் கடைசிவரை அதை வாயில் வைத்ததில்லை. “நான் தின்னது போதும்” என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கை முடங்கியது. அன்றிலிருந்து அந்தக் கிழங்கை அவர் செய்ததுபோலவே செய்துவிட முயன்று வருகிறேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார். அவர் குறிப்பில் கிலோவும் இல்லை, நிமிடமும் இல்லை. “மூடாத தம்பி. அந்தத் தண்ணிய ஊத்திட்டுப் புதுத் தண்ணி வை.” எஞ்சினியர் புத்தி, ஏன் என்று கேட்கும். “பாட்டி அப்படித்தான் செய்வாங்க.” அதற்கு மேல் பதில் கிடையாது.

பதிலைத் தேடினால் அது ஜப்பான்காரன் காலத்தில் போய் நிற்கிறது.

போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்துதான் வாங்கியது. நல்ல நிலமெல்லாம் ரப்பர். சோறு கப்பலில் வரும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது இந்த ஏற்பாடும் விழுந்தது. அரிசி வரத்து சுருங்கியது. மேற்கத்தியச் சந்தை அடைபட்டதால் ரப்பர் பால் விலைபோகவில்லை. 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் சயாமிடம் கொடுத்தது. நெல் விளையும் கெடாவும் அதோடு போனது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு வெறும் காகிதமானது.

தோட்டங்களில் மிஞ்சியது மரவள்ளி. தண்டை ஒடித்து நட்டால் போதும், சத்தில்லாத மண்ணிலும் வளரும். ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. அதையே தின்றவர்கள் வயிறு நிறைந்தும் மெலிந்தார்கள். அதே வருடங்களில்தான் தோட்டத் தமிழர்களை 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவர். பாட்டிக்கு அப்போது எட்டு வயது.

இனி அந்த இரண்டாவது தண்ணீர். மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு வெட்டுப்பட்டு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளியாகும். கசப்பு வகையில் இது அதிகம். தோலுரித்து, துண்டுபோட்டு, நிறைய தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் விஷம் பெருமளவு குறையும். கிடைத்த கிழங்கையெல்லாம் பிடுங்கித் தின்ற காலத்தில் பாட்டி வீட்டார் கடைப்பிடித்த பாதுகாப்பு முறை அது. இன்று பசாரில் விற்பது பெரும்பாலும் இனிப்பு வகை. ஒரு தண்ணீரே போதும்.

ஒரு சனிக்கிழமை, தண்ணீர் மாற்றாமல் பிரஷர் குக்கரில் வைத்துப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் வெந்தது. அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, “கொழகொழன்னு இருக்குடா, இது நம்ம வீட்டுக் கிழங்கு இல்ல” என்றார். உதிர்ந்தும் உதிராமலும் இருக்கும் அந்தப் பதம் இரண்டு தண்ணீரில்தான் வருகிறது. அம்மாவின் கைப்பக்குவம் என்று நாங்கள் கொண்டாடியது பாட்டி வீட்டாரின் பயம்.

சம்பல் மட்டும் அம்மா காலத்தது. அறுபதுகளின் கடைசியில், அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது, வீட்டில் அரிசி இருந்தது. கிழங்கு ஆசைக்குச் செய்வதாக மாறியிருந்தது. பிள்ளைகள் கேட்டால் பாட்டி அவித்துக் கொடுப்பார், தான் சோறு போட்டுக்கொள்வார். வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா பிள்ளைகளுக்காகக் குறிப்பை எழுதி வைத்திருக்கிறேன். கிராம், நிமிடம் எல்லாம் உண்டு. தண்ணீரை மாற்றும் இடத்தில், ஏன் என்று அவர்களும் கேட்பார்கள் என்பதால், 1942 என்று எழுதியிருக்கிறேன்.