கூத்து மேடையின் கண்ணாடிச் சில்லுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளியைக் கடந்திருப்பீர்கள். இரவெல்லாம் லாரிகள் ஓடும் சாலை அது. இந்த மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்துவிட்டால், பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறும். அங்கே துரியோதனனின் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் உற்றுப் பாருங்கள். இலேசான மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். அலங்காரத்துக்குத்தானே என்கிறீர்களா? இல்லை, அதில் ஒளியியல் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் நம் சிற்றூர்களில் மின்விளக்கு ஏது? எண்ணெயில் தோய்த்த பந்தந்தான் கூத்துக்கு வெளிச்சம். பந்தத்தின் சுடர் சிறியது, ஓயாமல் அசைவது. ஒவ்வொரு சில்லும் வெவ்வேறு சாய்வில் இருப்பதால், நடிகர் ஒரு சுற்றுச் சுற்றியதும் சுடரின் பிம்பம் சில்லுக்குச் சில்லு தாவும். இருளில் அமர்ந்திருப்பவருக்கு அது மின்னல் வெட்டுவதுபோல் தெரியும். முகப்பூச்சிலும் இதே கணக்குத்தான். சுடரொளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. ஆகவே செந்நிறம் பூசிய முகம் தொலைவிலும் எடுப்பாய்த் தெரியும். (பழைய பூச்சுப் பொருளான அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு என்பது வேறு கதை.)

அதே நூற்றாண்டில் இலண்டன் மேடையும் கண்ணாடியை நம்பியது. 1862-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், ராயல் பாலிடெக்னிக் நிலையத்தில் ஜான் பெப்பர் ஒரு 'பேயை' நடமாட விட்டார். ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் சொன்ன முறையை அவர் எளிதாக்கியிருந்தார். மேடைக்கு முன்னே பெரிய கண்ணாடித் தகடு சாய்வாக நிற்கும். கீழே மறைவிடத்தில் நிற்கும் நடிகர்மேல் கடும் ஒளி பாயும். அவருடைய பிம்பம் மேடைமேல் மிதக்கும். இரவில் பேருந்தின் சன்னலில் உங்கள் முகம் வெளியே மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்! சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரில் வெண்மையாக ஒளிரச் செய்யும் விளக்கும் 1837-லேயே இலண்டன் நாடக மேடைக்கு வந்துவிட்டது.

நம் நாட்டில் இத்தகைய மேடை வித்தைகளைப் பரப்பியவை பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள். 1853-இல் தொடங்கிய இந்த மரபு, தீட்டிய திரை, பாட்டு, மாயக் காட்சி என்று ஊர் ஊராகச் சென்றது. 1891-இல் பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச வினோதினி சபையின் நாடகத்தைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பாரிஸில் 1842-இல் உரிமம் பெற்ற ஆர்மோனியம் நாடகக் கொட்டகையில் புகுந்து, பிறகு கூத்தின் முகவீணைக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டது. கூத்து அதை ஏற்றுச் செரித்துவிட்டது என்றே சொல்லலாம்.

மின்விளக்கு மட்டும் அப்படிச் செரிக்கவில்லை. நாற்புறமும் அசையாத வெள்ளொளி பரவினால், சில்லுகளில் சுடர் தாவாது; கிரீடம் வெறும் மரமாய்த் தெரியும். நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். உடைந்த வளையல் துண்டு வேண்டாம், கையைக் கிழிக்கும். ஜிகினாத் தாளைக் கசக்கி அட்டையில் ஒட்டுங்கள். குழல் விளக்கின் கீழ் ஒருமுறை, இருட்டறையில் அகல் விளக்கின் முன் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர்த் திருவிழாக் குழுவினரிடம், துரியோதனன் திரை விலக்கி வரும் அந்தக் கால்மணி நேரமாவது பெரிய விளக்குகளை அணைத்துவிட்டுப் பந்தம் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.