விலாசம் தேடும் கருவிகள்

கடிதம் ஒன்று உரியவர் கையைச் சேர வேண்டுமாயின் அவருக்கு விலாசம் வேண்டும். அவ்விலாசம் வேறொருவருக்கும் உரியதாக இருத்தல் ஆகாது. தபாலுக்குரிய இவ்விதி கணிப்பொறிகளுக்கும் பொருந்தும். வலையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணே விலாசமாக அமைகின்றது. வீடுகளுக்கு எண்ணிட நகராட்சி உண்டு. நகராட்சியே இல்லாத இடத்தில், ஓயாது இடம் பெயரும் குடிகள் தமக்குத் தாமே எண்ணிட்டுக் கொள்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கம்பியின்றிக் கணிப்பொறிகளை இணைக்கும் முயற்சி ஹவாய்த் தீவுகளில் தொடங்கிற்று. அங்குள்ள பல்கலைக் கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அமைத்த 'அலோஹா' வலை 1971 ஜூனில் இயங்கலாயிற்று. தீவுகளிலிருந்த கருவிகள் யாவும் ஹானலூலுவிலிருந்த நடுக் கணிப்பொறியுடனேயே பேசின. பின்னர் 1973இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு படி மேலே சென்றது. ஒரு வானொலிக் கருவி மற்றொன்றின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் வலையை அது உருவாக்கத் தொடங்கிற்று. 1976 ஆகஸ்டு 27 அன்று கலிபோர்னியாவில், சாலையோர விடுதி ஒன்றின் வெளியே நிறுத்திய வண்டியிலிருந்து இவ்வழியே செய்தி அனுப்பப்பெற்றது. ஆயினும் தொடக்க நாட்களில் வழிகளை வகுக்க நிலையம் ஒன்று நடுவே இருந்தது.

விலாசம் வழங்கும் வேலையும் அவ்வாறே நடுவிடத்தை நம்பியிருந்தது. முதலில் எண்களை மனிதர்களே கையால் எழுதிப் பதித்தனர். கருவிகள் பெருகவே, 1984லும் 1985லும் தானாக எண் கேட்டுப் பெறும் முறைகள் வெளிவந்தன. 1993இல் 'டி.எச்.சி.பி.' என்னும் முறை பிறந்தது. இதில் ஒரு கணிப்பொறி எண்களின் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்போருக்குக் குறித்த காலத்துக்கு மட்டும் எண்ணைத் தருகின்றது. தவணை முடிந்தால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வேலை நிமித்தம் ஊர் ஊராய்ச் சென்று வாழும் நமக்கு இவ்வாடகை முறையை விளக்க வேண்டுவதில்லை. வீட்டுக்காரர் இருக்கும் வரையில் இம்முறைக்குக் குறைவில்லை.

வெள்ளத்தாலோ நிலநடுக்கத்தாலோ கம்பிகளும் கோபுரங்களும் வீழ்ந்த ஊரை எண்ணிப் பார்ப்போம். மீட்புப் பணியாளர் கையிலுள்ள கருவிகளே ஒன்றோடொன்று பேசி வலையாக வேண்டும். அங்கே கணக்கு வைப்பவர் யார்? வைத்த கருவியும் அடுத்த கணம் எட்டாத தொலைவுக்குப் போய்விடக்கூடும். இத்தகைய நடமாடும் வலைகளின் வழிமுறைகளை ஆராய 1997இல் இணைய விதிகளை வகுக்கும் மன்றம் தனிக் குழு ஒன்றை அமைத்தது.

2001இல் சார்லஸ் பெர்க்கின்ஸ் முதலியோர் எளிய வழியொன்றை முன்மொழிந்தனர். புதிய கருவி எண்ணொன்றைக் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்து, 'இவ்வெண் எவருக்கேனும் உண்டோ?' என்று வலை முழுதும் கேட்கும். பலமுறை கேட்டும் மறுமொழி வாராதாயின் எண் அதற்கே உரியதாகும். இதற்கென 60,000க்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. இவ்வளவு எண்கள் இருக்கையில் கேட்பானேன் என்று தோன்றலாம். ஆனால் சுமார் 300 கருவிகள் கேளாமலே எண்களைப் பொறுக்கினால், ஏதேனும் இரண்டு ஒரே எண்ணைப் பற்றிவிடும் வாய்ப்பு ஏறத்தாழச் சரிபாதி என்று கணிதம் கூறும்.

கேட்டுப் பெறுவதிலும் ஓர் இடர் உண்டு. மலையின் இருபுறமும் தனித்தனியே அமைந்த இரு வலைகள் பின்னர் ஒன்று சேரின், இரண்டிலும் ஒரே எண் இருத்தல் கூடும். அப்பொழுது ஒருவருக்குச் சென்ற செய்தி மற்றொருவரை அடையும். அனுப்பியவர் அதனை அறியார். உயிர் காக்கும் செய்தியாயின் விளைவைக் கூற வேண்டுவதில்லை.

இவ்விடரைத் தீர்க்க 2002இல் பல வழிகள் எழுந்தன. நேசர்கி, பிரகாஷ் ஆகிய இருவர் வகுத்த முறையில், புதிதாக வருபவர் அருகிலுள்ள கருவியை அணுகுவார். அக்கருவி அவர் பொருட்டு ஓர் எண்ணைக் குறித்து வலையிலுள்ள அனைவரின் இசைவையும் கேட்கும். அயலூரில் வந்திறங்கியவருக்கு முன்பே குடியேறிய நம்மவர் வீடு பார்த்துத் தருவது போன்றது இது. ஒவ்வொரு வலைக்கும் தனி அடையாளமும் இருந்தமையால், இரு வலைகள் கலந்ததும் அது தெரியவரும். மற்றொரு முறையில், இருப்பவர் தம்மிடமுள்ள எண்களில் பாதியைப் புதியவருக்குப் பிரித்துக் கொடுப்பார். நிதின் வைத்யா வேறு விதமாகச் சிந்தித்தார். இரட்டை எண்களை உடனே கண்டுபிடித்தல் எப்பொழுதும் இயலாது. ஆகவே எண்ணுடன் தனிக் குறி ஒன்றையும் வழிகாட்டும் செய்திகளில் சேர்த்து, எண் ஒன்றாயினும் செய்தி தவறான இடம் சேராமல் காப்போம் என்றார்.

2005இல் இதற்கெனவே அம்மன்றத்தில் குழு ஒன்று அமைந்தது. 2010 செப்டம்பரில் வெளியான அதன் ஆவணம், அத்தகைய வலையில் விலாசங்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் நெறிகளை உரைத்தது. எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய ஒரே முறையை விதிக்கவில்லை. அனைவரின் இசைவைக் கேட்டால் காலம் செல்கின்றது. கேளாது விட்டால் குழப்பம் நேர்கின்றது. வலையின் அளவையும் அதன் நடமாட்டத்தையும் நோக்கியே இரண்டில் எதை எவ்வளவு பொறுக்கலாம் என்று அறிஞர்கள் தீர்மானிக்க வேண்டியுள்ளது.