கும்பினியின் ஒழுக்கப் பத்திரங்கள்

1679ஆம் ஆண்டு, புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் வங்காளத்துக் கிட்டங்கிகளைப் பார்வையிடப் போனார். அங்கிருந்த கிழக்கிந்தியக் கும்பினி ஊழியர்களின் போக்கு அவருக்குச் சகிக்கவில்லை. உடனே நடத்தை விதிகளை வகுத்துக் கொடுத்தார். கெட்ட வார்த்தை பேசினால் அபராதம், பொய் சொன்னால் அபராதம், குடித்து நிலை தவறினால் அபராதம், பிரார்த்தனைக்கு வராவிட்டால் அபராதம். இரவு ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும். அதற்குமேல் வெளியே இருந்தால் அதற்கும் தண்டம். மாணவர் விடுதிச் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிப்பதுபோல இருக்கிறது. அதில் நியாயமும் இருந்தது. ஊழியர்களில் பலர் மீசை அரும்பும் வயதில் கப்பலேறி வந்தவர்கள். ஒரு வணிக நிறுவனம் தன் ஆட்களுக்கு எழுதிய ஒழுக்க விதிகளின் வரலாற்றை நம் கடற்கரையிலேயே கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்குப் பின்தொடர முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த வரலாற்றைப் புரட்டினால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: கும்பினியிடம் விதிகளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால் அவை கடுமையாகப் பாய்ந்தது கும்பினியின் பணம் கசிந்தபோது மட்டும்தான். கும்பினி ஊழியரால் ஊரார் கெட்டபோது அதே விதிகள் தூங்கின.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். எழுத்தராகச் சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு. படிப்படியாக உயர்ந்து மூத்த வணிகர் ஆனால் 40 பவுண்டு. பொது மேசையில் சாப்பாடு, தங்க இடம். இதை வைத்துக்கொண்டு யாரும் பணக்காரராக ஊர் திரும்ப முடியாது; ஆனால் பலரும் அப்படித்தான் திரும்பினார்கள். ஊழியர் கப்பலேறும் முன் ஜாமீன் கொடுத்து ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திடுவார். கும்பினிக்கு விசுவாசமாக இருப்பேன், அதன் ஐரோப்பிய வாணிபத்தில் கை வைக்கமாட்டேன் என்பதே அதன் உயிர்நாடி. ஆசியத் துறைமுகங்களுக்கிடையே சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம் என்ற சலுகை நாளடைவில் வந்து சேர்ந்தது. இயக்குநர்களுக்கு இது நல்ல கணக்கு: சம்பளச் செலவு மிச்சம், ஊழியருக்கும் வழி திறந்தாயிற்று. கும்பினிப் பணம் எங்கே முடிகிறது, சொந்தப் பணம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கோட்டைக்குள் இருந்தவரே முடிவு செய்யவேண்டிய நிலை. 1687 முதல் 1692 வரை கவர்னராயிருந்த எலைஹு யேல் பதவி இழந்தது இந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டோடுதான். அவர் 1718இல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்றுக் கிடைத்த 562 பவுண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி நிமிர்ந்து, அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. அவருக்குப் பின் 1698இல் வந்த தாமஸ் பிட் இன்னும் சுவையான ஆள். கும்பினியின் ஏகபோகத்தை மீறிக் கள்ள வாணிபம் செய்து அதனிடம் பகை தேடிக்கொண்டவரையே கும்பினி கவர்னராக்கியது. 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரக்கல் ஒன்றை அவர் சென்னையில் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. வைர வியாபாரம் ஊழியருக்கு அனுமதிக்கப்பட்டதுதான்.

1757இல் பிளாசிப் போர் முடிந்ததும் நிலைமை மாறிற்று. சரக்கு விற்றுச் சம்பாதித்தவர்கள் நவாபுகளை விற்றுச் சம்பாதிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருவரை இறக்கி இன்னொருவரை ஏற்றும் ஒவ்வொரு முறையும் 'அன்பளிப்பு' வந்தது. 1757க்கும் 1765க்கும் இடையே வங்காளத்தில் மட்டும் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கைமாறியதாகப் பிற்பாடு பாராளுமன்றக் குழு கணக்கிட்டது. 1764இல் லண்டன் இயக்குநர்கள் புதுப் பத்திரம் அனுப்பினார்கள்: 4,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கும்பினிக் கஜானாவுக்குச் சேரவேண்டும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதை வாங்க ஆலோசனை சபையின் அனுமதி வேண்டும். பத்திரங்கள் 1765 தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தன. சபையினர் அவற்றை மேசையில் கிடக்கவிட்டு, அடுத்த மாதமே இறந்த நவாபின் மகனைப் பட்டத்தில் ஏற்றிப் பரிசும் வாங்கிக்கொண்டார்கள். மே மாதம் வந்திறங்கிய, பிளாசியில் வென்ற கிளைவ்தான் அவர்களைக் கையெழுத்திட வைத்தார். பிளாசிக்குப் பின் நடந்த முதல் சுற்றில் தானே 2 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கியவர் அவர். விதியின் வாசகத்தையும் கவனிக்கவேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கிய பரிசைக் கொடுத்தவருக்கே திருப்பு என்று அது சொல்லவில்லை. கும்பினியிடம் ஒப்படை என்கிறது.

நஜர் கொடுப்பதும் வாங்குவதும் அந்தக் காலத்து அரசவை மரியாதை, இன்றைய அளவுகோலால் அளக்கக்கூடாது என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவர்கள் நஜரும் வெகுமதியும் இல்லாத ஒரு விழாவையும் பார்க்கமாட்டார்கள். ஆனால் சபை நடுவே எல்லோரும் காணக் கொடுத்து, பதிலுக்குச் சால்வையோ குதிரையோ பெற்றுக்கொள்ளும் நஜர் வேறு. பட்டம் வேண்டுமானால் இத்தனை லட்சம் என்று மூடிய அறையில் பேசி முடிப்பது வேறு. அந்தக் காலத்து ஆட்களுக்கே இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் இயக்குநர்கள் தடைப் பத்திரம் எழுதியிருக்கவும் மாட்டார்கள், கல்கத்தாக்காரர்கள் அதை ஒதுக்கி வைத்திருக்கவும் மாட்டார்கள்.

பரிசுக்குத் தடை வந்ததும் சென்னையில் கைகொடுத்த உத்திக்குப் பெயர் கடன். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா தன் பாதுகாப்புக்கு நிறுத்தப்பட்ட படைச் செலவைக் கும்பினிக்குக் கட்டவேண்டும். கையில் பணம் இல்லை. கும்பினி ஊழியர்களே தனிப்பட்ட முறையில் கந்து வட்டிக்குக் கொடுத்தார்கள். ஈடாக நவாப் இன்னின்ன சீமையின் வரி வசூலை எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் இது பரிசு அல்ல, கடன். ஆகவே விதிமீறல் இல்லை. அறுவடைக் காலத்தில் கடன் கொடுத்தவரின் ஆள் குத்தகைதாரரிடம் போய் நிற்பான், குத்தகைதாரர் களத்துமேட்டுக்குப் போவார். இதற்குமேல் ஒரு முடிச்சு உண்டு. கடன் கொடுத்தவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களுமே கோட்டை ஆலோசனை சபையில் உட்கார்ந்து, நவாபுக்காக எந்த நாட்டைப் பிடிப்பது என்று தீர்மானித்தார்கள். 1773இல் தஞ்சாவூர் பிடிக்கப்பட்டு நவாபிடம் போனதும் கடனுக்குப் புது ஈடு கிடைத்தது: காவிரிப் பாசனத்து நெல்.

இரண்டாம் முறை கவர்னராக வந்த பிகட் பிரபு, லண்டன் உத்தரவுப்படி 1776இல் தஞ்சாவூரை ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர் தஞ்சை வருவாயின் மேலும் வயலில் நின்ற பயிரின் மேலும் தனக்கு 2 லட்சத்து 34 ஆயிரம் பவுண்டு பாத்தியதை என்று மனுப்போட்டார். கட்டிட வேலைக்கு 1764இல் சென்னை வந்தவருக்கு இத்தனை பணம் ஏது என்று பிகட் கேட்டதில் தப்பில்லை. சபை முதலில் மனுவைத் தள்ளியது. பிறகு பெரும்பான்மை அப்படியே திரும்பிவிட்டது. மோதல் முற்றி, அந்தப் பெரும்பான்மை பிகட்டையே கைதுசெய்ய முடிவெடுத்தது. ஆகஸ்டு 24ஆம் தேதி மாலை கவர்னர் தன் தோட்ட வீட்டுக்கு வண்டியில் போனபோது, அருகில் உட்கார்ந்து வந்த கர்னல் ஸ்டூவர்ட்டே அவர் கைதாகத் துணைநின்றார். பிகட் விடுதலை பெறாமலே 1777 மே மாதம் இறந்தார். இங்கிலாந்தில் சபையினர் நால்வர்மேல் வழக்கு நடந்தது. தண்டனை, ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம்! பென்ஃபீல்டு 1780இல் பாராளுமன்ற உறுப்பினரானார்.

இதை யாரும் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் பரிசுகளைத் தடைசெய்தது. 1784ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் திரும்பும் ஊழியர் தன் சொத்துக் கணக்கைப் பிரமாணத்தோடு ஒப்படைக்கவேண்டும் என்றது. இரண்டே ஆண்டில் அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். நவாப் கடன்களில் எது உண்மை, எது போலி என்று விசாரிக்காமலே கொடுத்துத் தீர்க்கும்படி மேற்பார்வை வாரியம் உத்தரவிட, 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் அதை எதிர்த்துப் பல மணி நேரம் பேசினார். வாக்கெடுப்பில் தோற்றார். பிற்காலத்தில் கர்நாடகக் கடன்களை ஆராய ஆணையர்களை நியமித்தபோது, வந்து குவிந்த பாத்தியதைகளில் பெரும்பகுதி செல்லாதென்று தள்ளப்பட்டது. பர்க் சந்தேகப்பட்டது வீண் இல்லை.

சம்பளம் குறைவு, அதனால் கைநீட்டினார்கள். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வந்து சம்பளத்தை உயர்த்தினார், லஞ்சம் ஒழிந்தது என்பது பாடப்புத்தகங்களில் தங்கிவிட்ட விளக்கம். இதை ஒரேயடியாக மறுக்க முடியாது. வங்காளத்துக் கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாயும் வசூலில் பங்கும் கொடுத்துச் சொந்த வியாபாரத்தைத் தடுத்தபின், வெள்ளை அதிகாரிகளிடம் வெளிப்படையான சூறை குறைந்தது உண்மைதான். ஆனால் பென்ஃபீல்டு போன்றவர்கள் வயிற்றுப்பாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் இல்லை. சம்பளம் பத்து மடங்கானாலும் தஞ்சை நெல்லுக்கு அது ஈடாகாது. அதைவிட முக்கியமானது, சம்பள உயர்வு யாரோடு நின்றது என்பது. இந்தியர்கள் பிறவியிலேயே நேர்மையற்றவர்கள் என்று காரன்வாலிஸ் நம்பினார். உயர் பதவிகளிலிருந்து அவர்களை அறவே விலக்கினார். நேர்மை என்பது கப்பலில் வருவது, லஞ்சம் என்பது இந்த மண்ணில் முளைப்பது என்ற எண்ணம் அலுவலகச் சட்டமாகிவிட்டது. மேலே கலெக்டருக்கு ராஜ சம்பளம், கீழே சேவகனுக்கு நாலைந்து ரூபாய். வசூல் இலக்கு மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒன்றே.

விளைவு 1855இல் அச்சேறியது. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் நிறுவிய சென்னை சுதேசிச் சங்கமும் விடாமல் அனுப்பிய முறையீடுகளும், சென்னை மாகாணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் பேச்சும் சேர்ந்து சித்திரவதை விசாரணைக் குழு ஒன்றை வரவழைத்தன. வரிப் பாக்கிக்காக ரயத்துகளைக் கச்சேரி ஆட்கள் எப்படி வதைத்தார்கள் என்று அந்த அறிக்கை நிதானமாக விவரிக்கிறது. கிட்டி: இரண்டு குச்சிகளுக்கிடையே விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, அவன் வேட்டியையோ வைக்கோல் புரியையோ கழுத்தில் போட்டுக் கால் பெருவிரலோடு கட்டி வெயிலில் நிறுத்துவது. எல்லாம் பாக்கி சில ரூபாய்க்காக. பரிசு வாங்காத, கணக்கு சுத்தமான கலெக்டர்களின் கஜானாவுக்குத்தான் அந்த ரூபாய் போய்ச் சேர்ந்தது. எந்த ஒப்பந்தப் பத்திரமும் இதனால் மீறப்படவில்லை.

கீழ்மட்ட ஊழியர் செய்ததற்கு மேலிருப்பவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். குழுவும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்தது: ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் சம்மதம் இல்லை, குற்றம் சுதேசி ஊழியர்களுடையது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. வதைபட்டவன் புகார் சொல்லவேண்டுமானால் பல நாள் நடந்து கலெக்டர் கச்சேரிக்குப் போகவேண்டும். அங்கே மனுவை வாங்குவது அவனை வதைத்த தாசில்தாரின் உறவினராகவோ கூட்டாளியாகவோ இருக்கக்கூடும். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. வசூல் குறைந்தால் மேலதிகாரிக்கு மாதக் கணக்கிலேயே தெரிந்துவிடும். விரல் நசுங்கியது தெரியவர எந்தப் பதிவேடும் கிடையாது. கும்பினிக்கு நேரும் நஷ்டத்தைக் கண்டுபிடிக்க ஜாமீன், பிரமாணம், தணிக்கை என்று இருநூறு ஆண்டுகளாகக் கருவிகள் செய்தவர்கள், ஊரார் நஷ்டத்தைக் கேட்டறிய ஒரு கருவியும் செய்துவைக்கவில்லை. கச்சேரிக்கு வெளியே புகார் கேட்க ஒரு குழு உட்கார்ந்ததும் சில மாதங்களுக்குள் வந்து சேர்ந்த முறையீடுகள் 1,959. அவற்றில் ஐந்நூறுக்கு மேற்பட்டவை நேரில் வந்து சொன்னவை. போலீசை வரி வசூலிலிருந்து பிரிக்கும் சட்டம் சென்னையில் 1859இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கும்பினியின் கையிலிருந்து ஆட்சி போய்விட்டது.