வல்லத்துப் பிள்ளையின் பொது வகுத்திக் கணக்கு

நாம் படித்த காலத்தில் 'மீப்பெரு பொது வகுத்தி' என்றோம். பேரப்பிள்ளைகள் இப்போது 'மீப்பெரு பொதுக் காரணி' என்கிறார்கள். மயிலாடும்பாறைக்காரர்களுக்கு இலவ மரத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

84 இலவங்கன்று, 60 தென்னங்கன்று இருக்கின்றன. இரண்டையும் கலக்காமல், எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கையாக, ஒன்றும் மிஞ்சாமல் நட வேண்டும். வரிசைக்கு அதிகபட்சம் எத்தனை?

84 = 2×2×3×7
60 = 2×2×3×5

இரண்டுக்கும் பொதுவான பகா எண்கள் 2, 2, 3. பெருக்கினால் 12. இலவம் 7 வரிசை, தென்னை 5 வரிசை.

பரீட்சையோடு நாம் மறந்துவிட்ட இந்தக் கணக்கை ஆராய்ச்சியாக வளர்த்தவர்களில் ஒருவர், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த சு. சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்த மறு வருஷம் தாயையும், பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையையும் இழந்தவர். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார்.

1933-இல் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: 1 முதல் ஓர் எண் வரையுள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணுக்கும் பொது வகுத்தி கண்டு, எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும்? 6-ஐ எடுத்தால் 1, 2, 3, 2, 1, 6, கூட்டுத்தொகை 15. அதே போல 2-க்கு 3, 3-க்கு 5 வரும். 6 என்பது 2×3; விடையும் 3×5 = 15! பகா எண்களாகப் பிரித்துவிட்டால் வரிசையாகக் கூட்ட வேண்டியதே இல்லை. இதை இன்றும் உலகம் 'பிள்ளை சார்பு' என்றே அழைக்கிறது.

1940-இல் இன்னொன்றை நிறுவினார். அடுத்தடுத்த எண்கள் 16 வரை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண் ஒன்றாவது அதில் இருக்கும். 17 ஆனால் அந்த உறுதி இல்லை. 2184 முதல் 2200 வரை பாருங்கள். 2189 = 11×199, தனித்து நிற்பதுபோலத் தெரியும்; ஆனால் 2200-இலும் 11 உண்டு. 2197 = 13×13×13; 2184-இலும் 13 உண்டு. அந்தப் பதினேழில் உறவில்லாத எண் ஒன்றுகூட இல்லை.

பின்பு கல்கத்தா பல்கலைக்கழகம் சென்றார். 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிலையம் ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49.

இராமானுஜனை அறியாத வீடு நம் பக்கம் இல்லை. நமக்குத் தெற்கே, இதே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் பிறந்த இவரைப் பற்றி, நான் படித்த காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை. பேரனுக்குப் பொது வகுத்தி சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பெயரையும் சொல்லி வைக்கிறேன்.