டீல்ல விட்ட நூல்

எங்கள் வீட்டில் பாட்டி "காத்தாடியைப் போடுடா" என்றால் மின்விசிறியின் சுவிட்சைத் தட்ட வேண்டும். அதே வீட்டு மொட்டைமாடியில் "காத்தாடி போச்சு!" என்று கத்தல் கேட்டால் எவனுடைய நூலோ அறுந்துவிட்டது. திருவிழாவில் குச்சியில் செருகி விற்கும், கையில் பிடித்து ஓடினால் சுற்றுகிற காகிதப் பூவுக்கும் காத்தாடி என்றுதான் பெயர். பனையோலையை மடித்து முள் குத்திச் செய்வதும் காத்தாடி. ஆரல்வாய்மொழிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் "அதோ பார்" என்று பிள்ளைகளுக்குக் காட்டும் மூன்று இறக்கை ராட்சதனும் காத்தாடி. மேற்கே மலையைத் தாண்டினால் சவுக்கு மரத்தையே காற்றாடி மரம் என்கிறார்கள் மலையாளிகள். மலேசியாவில் இன்றைக்கும் தமிழர் வீட்டுக் கூரையில் தொங்குவது காற்றாடிதான்.

இத்தனை பொருளையும் ஒரே சொல் சுமந்தாலும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. மொட்டைமாடியில் நிற்கும் பையனிடம் யாரும் மின்விசிறியைப் பற்றிப் பேசுவதில்லை.

காற்றும் ஆடியும் சேர்ந்தது காற்றாடி. கூத்தை ஆடுகிறவன் கூத்தாடி, காற்றில் ஆடுவது காற்றாடி. சாயங்காலம் "காற்றாடப் போய்வரலாம்" என்று கிளம்புகிறோமே, அந்த ஆட்டமும் இதற்கு உறவுதான். சொல்லின் முழு எடையும் 'ஆடு' என்பதில் இருக்கிறது. சுற்றுகிறதா, பறக்கிறதா, சும்மா நின்று தலையசைக்கிறதா என்று அது கேட்பதில்லை. காற்று பட்டால் ஆட வேண்டும், அவ்வளவுதான். மின்விசிறி மட்டும் இந்தக் கணக்கில் கொஞ்சம் ஏமாற்றுக்காரன். காற்று அதை ஆட்டுவதில்லை, அதுதான் காற்றை ஆட்டுகிறது. பாட்டி அதைப் பொருட்படுத்தியதில்லை.

இதே பொருளுக்கு நம்மிடம் இருக்கும் இன்னொரு பெயர் பட்டம். சென்னைப் பையன்களுக்கு அது பாடப்புத்தகச் சொல். பாடத்தில் 'பட்டம்' என்று படித்துவிட்டு மாடியேறிக் 'காத்தாடி' விட்டோம். மாநிலத்தின் பல ஊர்களிலும் ஈழத்திலும் பட்டம்தான் வீட்டுச் சொல். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் அருகே கடற்கரையில் வெளிநாட்டுக் குழுக்களை அழைத்து விழா எடுத்தபோது அதன் பெயர் பட்டம் விடும் திருவிழா. வடசென்னையில் சிறுவர்களிடமிருந்து போலீசார் பறிமுதல் செய்வது, செய்தித்தாள்களில் பெரும்பாலும், காற்றாடி. பொருள் ஒன்றானாலும் விழாவுக்குப் போகும்போது ஒரு சட்டையும் ஸ்டேஷனுக்குப் போகும்போது வேறொரு சட்டையும் போட்டுக்கொள்கிறது.

பட்டம் என்ற சொல்லுக்குக் குடும்பம் பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் அதன் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருகின்றன: நெற்றியில் கட்டும் பொற்றகடு, அரச பதவி, விருதுப்பெயர், பயிர்செய்யும் பருவம், நடுவே காற்றில் பறக்கும் நம்முடையதும். அரசனின் நெற்றியில் பொன்நாடா கட்டியதால் பட்டம் கட்டுதல். அப்படிக் கட்டிக்கொண்டவனின் மனைவி பட்டத்தரசி, யானை பட்டத்து யானை. அரசர்கள் போன பிறகு அந்தப் பொன்தகடு பல்கலைக்கழகத்தின் தாளாக இளைத்தது, வாங்கியவன் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் இலவசமாகத் தருவது பட்டப்பெயர். உழவனுக்கோ அது ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், மாசிப்பட்டம். எந்தப் பட்டம் என்பதை வினைச்சொல்தான் சொல்லும். கட்டினால் அரசன், வாங்கினால் பட்டதாரி, தேடி விதைத்தால் உழவன், விட்டால் விடுமுறைக்காரன், ஏற்றினால் யாழ்ப்பாணத்தான்.

வடக்கே இதைப் பதங் என்கிறார்கள். அதுதான் தமிழில் பட்டமாகத் தேய்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஓசை ஒத்திருப்பதால் காதுக்கு நியாயமாகவும் படும். எனக்கு இதில் சம்மதமில்லை. பதங் என்பது வடமொழிப் பதங்கத்திலிருந்து வந்தது. பதங்கம் என்றால் பறப்பது: பறவை, விட்டில், வானில் செல்லும் கதிரவனுங்கூட. இந்தச் சொல் தமிழுக்குள்ளும் எப்போதோ நுழைந்து, உருவம் சிதையாமல் பதங்கம் என்றே இருக்கிறது. சித்த வைத்தியர்கள் சரக்கைச் சட்டியில் எரித்து, மேல்சட்டியில் ஆவியாக ஏறிப் படிவதைச் சுரண்டி எடுக்கிறார்களே, அது பதங்கம். பள்ளி வேதியியலில் கற்பூரம் உருகாமல் நேரே ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்று பெயர். கற்பூரமும் குஜராத்திக் குழந்தையின் காகிதமும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போகின்றன. தகரத்தை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த சொல், வேறொரு வாசலில் டகரமாகி, மெய்யும் இரட்டித்து வந்தது என்பதை எப்படி ஏற்பது?

அக்கம்பக்கத்தாரைக் கேட்டால் விடை துலங்கும். தெலுங்கில் காலிபடம், கன்னடத்தில் காளிபட. முன்பாதி காற்று, பின்பாதி துணி, அதாவது காற்றுத்துணி. மலையாளத்தில் நம்மைப்போலவே பட்டம். வடமொழியிலும் பட்டம் என்ற சொல்லின் மூலம் துணிநாடா, தகடு, தலைக்கச்சை என்றே தட்டையான பொருள்களைச் சுற்றி வருகிறது. தெற்கத்தியான் பொருளின் உடம்பைப் பார்த்து, தட்டையாக விரிந்திருக்கிறதே என்று பெயர் வைத்தான். வடக்கத்தியான் அதன் செயலைப் பார்த்தான். காற்றாடி என்றவன் அதை ஆட்டுவிப்பவரையும் பார்த்துவிட்டான். மூன்றில் காற்றாடிக்கே என் ஓட்டு. வளர்ந்த ஊரின் சொல் என்பதால் இருக்கலாம்.

உலகத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் விலங்குகளைப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலேயனுக்கு அது பருந்து: கைட் என்பது முதலில் பறவையின் பெயர், காகிதத்துக்கு ஒட்டிக்கொண்டது 17ஆம் நூற்றாண்டில். ஜெர்மானியனுக்கு நெருப்பு கக்கும் டிராகன். பிரெஞ்சுக்காரன் பறக்கும் கலைமான் என்கிறான். கொம்பு வைத்த மான் எப்படிப் பறந்தது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. ஸ்பானியன் மட்டும் வால்நட்சத்திரத்தைப் பார்த்துக் கொமேட்டா என்றான். இந்தியச் சட்டமோ எல்லோரையும் மிஞ்சிவிட்டது. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம், வானூர்தி எது என்று விளக்கும் இடத்தில் பலூனையும் ஆகாயக்கப்பலையும் சொல்லி, கூடவே பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. எட்டணாக் காகிதத்தோடு தண்ணீர்த்தொட்டி மேல் நின்ற நாங்களெல்லாம் விமானிகள்.

பெயர் நம்முடையது. ஆனால் சண்டைக்கான சொற்களில் பாதி வடக்கிலிருந்து வந்தவை. சென்னைக் காற்றாடிக்கு வால் கிடையாது. நடுவே நேராக ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வில்லாக வளைத்த இன்னொன்று, மேலே மெல்லிய தாள். நூலைத் தளர்த்தினால் தலை சுழலும், சுண்டினால் அந்த நொடியில் மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே பாயும். சும்மா பறந்துகொண்டிருக்கச் செய்ததல்ல அது, சண்டைக்கென்றே செய்தது. நூல் சுற்றும் உருளை லொட்டாய், வங்காளத்திலும் அது லாட்டாய்தான். நூலுக்குப் பூசுவது மாஞ்சா. ட்யூப்லைட்டையோ சோடா பாட்டிலையோ இடித்து, துணியில் சலித்து, ஜவ்வரிசிக் கஞ்சியோடு சாயமும் கலந்து, இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலில் தடவிக்கொண்டே நடப்பார்கள். சலிக்கும் வேலை சின்னப் பையன்களுக்கு, தடவும் உரிமை அண்ணன்மார்களுக்கு.

இந்தச் சொற்களில் என்னை அதிகம் சுற்றவிட்டது டீல். இரண்டு காற்றாடிகள் வானத்தில் நூலோடு நூல் பின்னிக்கொண்டு மோதுவதற்கு டீல் என்று பெயர். "டீல் உடறியா?" என்பதுதான் சவால். ஆங்கில வியாபாரச் சொல்லாக இருக்கும், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பேரம்போல ஏதோ ஒன்று என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். தொலைக்காட்சியில் பெட்டி திறக்கும் விளையாட்டு ஒன்று வந்து அந்த நினைப்பைக் கெட்டிப்படுத்தியது. குஜராத்தில் உத்தராயணப் பட்டங்களைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. அங்கே எதிரியின் நூலை அறுக்க இரண்டு வழி. வெடுக்கென்று இழுத்து அறுப்பது கேஞ்ச். நூலை ஓட ஓட விட்டு, அந்த ஓட்டத்தில் ரம்பம்போல அறுப்பது டீல். இந்தியிலும் உருதிலும் டீல் என்றால் தளர்வு. டீல் கொடுப்பது என்றால் பிடியைத் தளர்த்தி நூலை விடுவது.

அப்படிப் பார்த்தால் சென்னையில் நாம் 'விடுகிற' டீல் இதுவேதான். வந்த சொல் விடுவதைக் குறித்தது, நாம் அதற்குப் பின்னால் இன்னொரு 'விடு' சேர்த்தோம், நடு சென்டர் மாதிரி. அப்புறம் அது மாடியை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது. கடன் வாங்கியவன் போனை எடுக்கவில்லை, "டீல்ல உட்டுட்டான்". கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்ற நண்பன் வரவில்லை, "டீல்ல உட்டுட்டான்". பேரம் என்ற பொருளை இங்கே வைத்துப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. நூலைத் தளர்த்திக் காற்றோடு போகட்டும் என்று கைவிடுவதை வைத்துப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். காற்றாடியே விடாத தலைமுறையும் இந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மாஞ்சாவின் கதை இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. பருத்தி நூலின் இடத்தில் நைலான் வந்தது. பருத்தி இழுவை தாங்காமல் அறுந்துபோகும், நைலான் அறுபடாது, எதிரே வருவதை அறுக்கும். மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளின் கழுத்தில்கூட விழுந்திருக்கிறது. பறவைகளுக்குக் கணக்கே இல்லை. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை இழை மாஞ்சாவை நாடு முழுவதும் தடைசெய்தது. மாஞ்சா தடவிய அண்ணன்மார்களில் ஒருவர் இப்போது பைக்கில் போகும்போது கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்கிறார்.

வடக்கிலிருந்து வந்த சொற்களுக்கு நடுவே, நமக்குப் பழக்கமான ஒரு சொல் யாரும் எதிர்பாராத வேஷத்தில் நிற்கிறது. காற்றாடியின் முதுகுக்குச்சியில் மேலும் கீழுமாக இரண்டு முடிச்சுப் போட்டு, அந்த இரு நூலையும் முன்னால் ஒன்றாக இணைத்து, அதிலிருந்துதான் நீளநூல் புறப்படும். அந்த முக்கோணக் கட்டுக்குச் சென்னையில் சூத்திரம் என்று பெயர். காற்றாடி ஏறுவதும் குப்புற விழுவதும் அங்கேதான் தீர்மானமாகிறது. மேல்நூலைச் சற்றுக் குறைத்தால் காற்றாடி காற்றின் மேல் படுத்தாற்போல் நிற்கும், பலத்த காற்றுக்கு அது தோது. கீழ்நூலைக் குறைத்தால் மார்பை நிமிர்த்திக் காற்றை அதிகம் வாங்கும். சூத்திரம் போடத் தெரிந்தவனுக்குத் தெருவில் தனி மரியாதை, கணக்கு வாத்தியாருக்குக்கூடக் கிடைக்காதது. கணக்கிலும் சூத்திரம் உண்டல்லவா? அதனால் ஏதோ ரகசிய வித்தை என்ற பொருளில்தான் இப்பெயர் வந்தது என்று நினைத்தோம்.

சூத்திரம் என்ற வடசொல்லின் முதற்பொருளே நூல்தான், தைக்கிற நூல். நூலில் கோத்ததுபோல் சுருங்கச் சொன்ன வாசகமும் பிறகு சூத்திரமாயிற்று. தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது. பஞ்சில் திரிப்பதும் நூல், சொல்லில் திரிப்பதும் நூல். நன்னூல் எழுதிய பவணந்தியார் இந்த ஒப்புமையை எடுத்து, பஞ்சையும் இழையையும் வைத்தே புத்தகத்துக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார். இலக்கணக்காரர்களும் கணக்கு வாத்தியார்களும் நூல் என்ற பொருளை மறந்த பிறகும், அதை மாறாமல் காப்பாற்றி வந்தது மொட்டைமாடி. அங்கே சூத்திரம் இன்றும் இரண்டு முழ நூல்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கட்டுக்கு முச்சை என்பார்கள். அங்கே சண்டை இல்லை, அறுப்பதற்காக யாரும் ஏற்றுவதில்லை. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று நிலைத்ததும் தொடங்கி தை வரை ஏற்றுவார்கள். கொக்கு, வௌவால், பாம்பு, எட்டுமூலை என்று உருவங்கள். பருந்துக்கு அங்கே பிராந்து, ஆகவே பிராந்துப் பட்டம். ஆங்கிலேயன் கண்ட அதே பறவையை வடமராட்சிக்காரனும் கண்டிருக்கிறான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் போட்டிக்கு வருபவை ஆளுயரத்தைத் தாண்டியவை, தூக்கி நிறுத்தவே நாலைந்து பேர் வேண்டும், கயிறும் நூலல்ல, வடம். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரும்பட்டத்தின் கயிற்றை மற்றவர்கள் விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் கயிறோடு மேலே போய்த் தொங்கிய காணொளியைப் பார்க்காத தமிழர் குறைவு. டீல் விடத் தெரியாத ஊர் என்று வண்ணாரப்பேட்டை நண்பர் கேலி செய்தார். நல்லவேளையாக அந்த இளைஞர் உயிரோடு இறங்கினார்.

அங்கே பட்டத்தின் உயிர் விண்ணில் இருக்கிறது. வானம் என்ற விண் அல்ல. பட்டத்தின் தலைமாட்டில் ஒரு வில்லைப் பூட்டி, மெல்லியதாகச் சீவிய நாரையோ இப்போதெல்லாம் பொதி கட்டும் நாடாவையோ அதில் முறுக்காக இழுத்துக் கட்டுவார்கள். காற்று பட்டதும் அது அதிர்ந்து கூவும். அந்தக் கருவிக்குப் பெயர் விண். தலை விண்ணென்று வலிக்கிறது என்கிறோமே, அந்த ஒலிக்குறிப்பின் பக்கத்தில் வைத்தால் சொல் பொருந்துகிறது. கடலுக்கு அப்பால் கிளந்தானில் மலாய்க்காரர்கள் தங்கள் வாவ் பட்டத்தின் தலையிலும் இதே வில்லைக் கட்டுகிறார்கள். 1989இல் வந்த மலேசிய 50 சென் காசின் பின்புறம் பொறித்திருப்பது அந்த வாவ்தான். சீனரோ பெயரிலேயே ஒலியை வைத்துவிட்டார்கள். அவர்களுடைய ஃபெங்ஜெங் என்பதில் ஃபெங் காற்று, ஜெங் யாழ்போல் மீட்டும் ஒரு நரம்புக்கருவி. உடம்பைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள், ஆட்டத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் எல்லோருக்கும் நடுவில், காதால் பெயர் வைத்தவர்கள் அவர்கள்.

நல்ல காற்றிருந்தால் யாழ்ப்பாணத்தில் பட்டத்தை இறக்குவதில்லை. கயிற்றை மரத்திலோ கட்டையிலோ முடிந்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். சிலர் சின்ன மின்குமிழ் கட்டி அனுப்புவதுண்டு. மற்றபடி இருட்டில் எதுவும் தெரியாது, வயல்வெளிக்கு மேலே எங்கிருந்தோ விண் கூவிக்கொண்டிருக்கும். கூவும் குரலை வைத்தே எந்த வீட்டுப் பட்டம் என்று படுக்கையிலிருந்தபடி சொல்லிவிடுவார்கள். விடியும்போது சத்தம் நின்றிருந்தால் பெடியன் பல்லுத் தீட்டுவதற்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், எந்த ஊர்ப் பனையில் கிடக்கிறதோ.