தோலில் எழுதியது யார்?

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம். பெற்றோர் கூட்டத்தன்று, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடன் வந்து நின்ற அம்மையாரைக் கண்டு, "வாருங்கள் பாட்டி, பெண்ணின் தாயார் வரவில்லையா?" என்று கேட்டுவிட்டோம். அம்மையார் சிரித்தார். மாணவி சிரிக்கவில்லை. "இவங்கதான் ஐயா எங்க அம்மா" என்றாள், தரையைப் பார்த்தபடி.

வயதைக் கேட்டோம். 38! வருந்தினோம், மன்னிப்புக் கேட்டோம். "அதனாலென்ன ஐயா, பன்னிரண்டு வயதிலிருந்து கடலைக் காட்டில் களை வெட்டுகிறேன். எல்லாம் தலையெழுத்து" என்றார் அம்மையார். நம்மை அன்றிரவு உறங்கவிடாத சொல் அதுதான். தலையில் எழுதியவனை எவரும் கண்டதில்லை. முகத்தில் எழுதப்பட்டிருப்பதையோ ஊரே காண்கிறது. அதை எழுதியது யார்?

தோழர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சட்டைக் கைக்கு வெளியே, முன்கையின் புறத்தோலைப் பாருங்கள். பிறகு கையைத் தூக்கி, அக்குளை ஒட்டிய மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். முன்னது கறுத்து, வறண்டு, கோடுகள் ஓடிக் கிடக்கும். பின்னது மென்மையாய், வழவழப்பாய் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல். ஒரே சோறு உண்டு வளர்ந்த தோல். விதிதான் முதுமையை எழுதுகிறது என்றால், ஒரே கைக்கு இரண்டு சாதகமா எழுதி வைத்தது?

இந்த வேற்றுமையை ஏட்டில் ஏற்றியவர்கள் தோல் மருத்துவர்கள். 1894ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் பவுல் உன்னா, கடலோடிகளின் முகத்திலும் கழுத்திலும் தோல் தடித்துச் சீர்கெடுவதைக் குறித்து வைத்தார். 1896இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் துப்ரேய், திராட்சைத் தோட்டத் தொழிலாளரிடையே கதிரவனால் தோல் கெடுவதைக் கண்டு எழுதினார். கப்பலில் காய்ந்தவனும் தோட்டத்தில் குனிந்தவனும்தான் இந்த அறிவுக்கு முதற் பாடநூல்கள்! மாளிகையில் இருந்தவர் மேனியில் படிக்க முடியாததை, உழைத்தவர் மேனியில் உலகம் படித்தது.

வெயில் கெடுக்கிறது, சரி. எதைக் கெடுக்கிறது? இதற்கு விடை தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லின் மதுரைச் சாலைக்கும் வத்தலக்குண்டு சாலைக்கும் வந்தால் போதும். ஆம், தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் உள்ள இடம். அழுகிப் போக வேண்டிய ஆட்டுத்தோல் அங்கே ஆண்டுகள் பல நிற்கும் பொருளாகிறது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரையும் மேற்படலத்தையும் நீக்கினால், எஞ்சுவது நாரின் பின்னல். அந்த நாரின் பெயர் கொலாஜன். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்பு, அந்த நார்களைப் பற்றிப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. குரோமிய உப்பு வருமுன் தென்னாட்டுத் தோல் தொழிலைத் தாங்கி நின்றது அத்துவர்ப்புதான்.

ஆவாரை பூத்த இடத்தில் சாவு அண்டாது என்னும் கருத்துடைய பழமொழி நம்மிடையே உண்டு. ஆவாரம்பூவை அரைத்துப் பூசினால் மேனி மின்னும் என்பார்கள். கடுக்காயை உண்டால் கிழவனும் குமரனாவான் என்பார்கள். பட்டறைத் தொட்டியில் செத்த தோலைக் காக்கும் பொருள், உயிருள்ள தோலுக்குள் புகுந்து நாரைப் பிணைப்பதில்லை. தொட்டிக்குச் சரியான கணக்கு முகத்துக்குச் சரியாகாது.

தோலை அறிந்த கைகளை ஊருக்குப் புறத்தே நிறுத்தி வைத்த சமுதாயம் நம்முடையது. அந்தத் தொழிலின் பொருட்டு 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார் கோ. நா. இராமச்சந்திரன், அகவை முப்பது. கொலாஜனின் அமைப்பு அன்று உலகறியாப் புதிர். தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணைப் பெற்று, எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. 1954இல் 'நேச்சர்' இதழில் அவர்களது முடிவு வெளிவந்தது. மறு ஆண்டு அதைத் திருத்திச் செப்பம் செய்தனர். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக் கொண்ட கயிறு, அதுதான் கொலாஜன்!

கமலை வடம் திரித்தவர்க்கு இதை விளக்க வேண்டுமா? ஓரிழை அறும், மூவிழை தாங்கும். சிலர் மட்டும் தோள்மேல் அணியும் முப்புரியைக் கண்டிருக்கிறோம். எல்லார் தோலுக்குள்ளும், ஏழை என்றும் செல்வர் என்றும் பாராமல், இயற்கை இட்ட முப்புரி இது.

அந்தக் கயிற்றை அறுப்பது எது? 1962இல் அமெரிக்காவின் ஜெரோம் கிராசும் பெல்ஜியத்தைச் சேர்ந்த லாப்பியரும் தலைப்பிரட்டையை ஆராய்ந்தனர். தவளையாகும்போது அதன் வால் கரைந்து மறைகிறதே, அங்கே கொலாஜனை வெட்டும் நொதி ஒன்று இருக்கக் கண்டனர். 1996இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிஷரும் வூர்கீசும் கூட்டாளிகளும், வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் மனிதத் தோலிலும் அவ்வகை நொதிகள் பெருகுவதைக் காட்டினர். வெட்டுண்ட நாரை உடல் மீண்டும் நெய்கிறது. ஆனால் பழுது பார்த்த துணிபோலத் தழும்பு நிற்கிறது. நாள்தோறும் வெட்டு, நாள்தோறும் ஒட்டு, முடிவில் சுருக்கம். வெயில் படாவிடினும், இளமை கடந்தபின் கொலாஜன் ஆண்டுதோறும் சிறிது குறையத்தான் செய்யும். காலம் எழுதும் வரிகள் அவை; யாரும் தப்ப முடியாது. வெயில் எழுதும் வரிகளையோ பெருமளவு தடுக்கலாம்.

எவ்வாறு? ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் ஆராய்ந்து, 2013இல் முடிவு வெளியிட்டனர். வெயில் காப்புப் பூச்சை நாள்தோறும் பூசியவர் தோலில் முதுமைக்குறி கூடியதாகக் காணப்படவில்லை. பூச்சு வாங்க வசதியற்றவர்க்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் நிழலும் அதே காவலைத் தரும். புகையிலையும் பகைதான்: புகைப்போர் முகத்தில் சுருக்கம் மிகுதி என்று 1971இல் அமெரிக்க மருத்துவர் டேனியல் காட்டினார். சுருட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல் இதை மறத்தலாகாது. வைட்டமின் சி இல்லாமல் உடல் உறுதியான கொலாஜனை நெய்ய முடியாது. எனவே நெல்லியும் கொய்யாவும் நன்று. ஆனால் நெல்லி தின்று சுருக்கம் நீங்காது.

நம் கறுப்பு நிறத்தை இழிவென்று எண்ணி வெளுப்புக் களிம்பு தேடி அலைவோர்க்கு ஒரு சொல். கறுப்பைத் தரும் மெலனின் என்னும் நிறப்பொருள், புறஊதாக் கதிரை உறிஞ்சித் தோலைக் காக்கும் கவசம். கவசத்தைக் கழற்றி எறியக் காசு கொடுப்பார் உண்டோ? எனினும் கவசத்துக்கும் எல்லை உண்டு. இருபத்தாறு ஆண்டுகள் உச்சி வெயிலில் களை வெட்டியவரிடம் அதுவும் தோற்கிறது.

இங்கேதான் தோலின் வரலாறு கூலியின் வரலாறாகிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணியிடத்தில் குடிநீரும், குழந்தைகளுக்கும் ஓய்வு வேளைக்கும் நிழலும் வேண்டும் என்று எழுதினர். நிழல் ஓர் உரிமை என்று ஏட்டில் ஏறிய நாள் அது. தனியார் காட்டில், மரம் வெட்டப்பட்ட வரப்பில், அந்த நிழலை யார் தருவது? பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிவரை களைக்கொட்டைக் கீழே வைக்கச் சொன்னால், அரை நாள் கூலியைக் கழிக்காதிருப்பவர் எத்தனை பேர்?

சுருக்கம் இழிவன்று, உழைத்த முகத்தை வணங்குவோம். ஆனால் 38 வயதில் ஒரு தாய் பாட்டியாகத் தோன்றுவதைத் தலையெழுத்து என்று ஒப்ப மாட்டோம். மறுநாள் வகுப்பில் மேற்கைச் சோதனையைச் செய்து காட்டினோம். அந்த மாணவி தன் கையை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்படியானால், அம்மாவுக்கு இனிமேலாவது நிழல் கிடைத்தால் போதுமா, ஐயா?"

உண்டான வரிகள் முற்றும் அழியா. இனி எழுதப்படுவன குறையும் என்றோம். அந்த நிழலை எப்போது தரப்போகிறோம் என்பதற்கு விடை கூற வேண்டியவர், அவளுடைய ஆசிரியர் மட்டும் அல்லர்.