திருச்சுழி திருமேனிநாதர் கோயில்

திருச்சுழி திருமேனிநாதர் கோயில், தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் குண்டாற்றங்கரையில் அமைந்துள்ள ஒரு பழமையான சிவன் கோயிலாகும். தேவாரப் பாடல் பெற்ற பாண்டிய நாட்டுத் தலங்கள் பதினான்கனுள் இதுவும் ஒன்று. தேவாரத்தில் இவ்வூர் திருச்சுழியல் என வழங்கப்படுகிறது. இறைவன் திருமேனிநாதர், பூமிநாதர் என்றும் அழைக்கப்படுகிறார். இறைவி துணைமாலையம்மை.

பெயர்க்காரணம்

பெருவெள்ளம் உலகை அழிக்க வந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, வெள்ளம் சுழித்துக்கொண்டு அத்துளைக்குள் இறங்கியது என்பது தலபுராணக் கதை. அச்சுழியே ஊருக்குப் பெயராயிற்று என்பர்.

கதை வெள்ளத்தைப் பற்றியதாயினும் இப்பகுதி வறண்ட பூமியாகும். குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காணப்படும். வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியுள்ளது.

வரலாறு

சுந்தரர் இத்தலத்தைப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. அருகிலுள்ள பள்ளிமடம் என்னும் ஊரின் சிவன் கோயிலில் முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் உள்ளன. அணையா விளக்கெரிக்க ஆடுகள் கொடையளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. கொடையாளர் தரும் ஆடுகளைப் பெற்றுக்கொள்பவர் நாள்தோறும் விளக்குக்கு நெய் அளப்பது அக்கால வழக்கம். வயலை விட மேய்ச்சல் மிகுந்த நிலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடாகும்.

இரமண மகரிசி

இரமண மகரிசி 1879 திசம்பர் 30 அன்று இக்கோயிலுக்கு அருகிலுள்ள வீட்டில் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். அன்று ஆருத்திரா தரிசனம். நடராசர் வீதியுலா முடிந்து கோயிலுக்குத் திரும்பிய பின்னிரவு வேளையில் அவர் பிறந்ததாக அவரது வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1892இல் தந்தை சுந்தரம் ஐயர் காலமான பின்னர் மதுரையில் வளர்ந்த அவர், 1896இல் திருவண்ணாமலைக்குச் சென்றார். பிறந்த வீடு தற்போது சுந்தர மந்திரம் என்ற பெயரில் நினைவிடமாக உள்ளது.

திருக்குளம்

மாசி மகத்தையொட்டிய பத்து நாட்களில் கோயிற் குளத்தின் நீர் நாளுக்கு ஓரடியாக உயர்ந்து, பின்னர் அவ்வாறே வடியும் என்று ஊரார் கூறுவதை இரமணர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மாசி, மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கும் முன் வரும் மாதம்.

அமைவிடம்

திருச்சுழி, அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்தில் செல்லலாம். விருதுநகர் - மானாமதுரை இருப்புப்பாதையில் திருச்சுழி நிலையம் அமைந்துள்ளது.